ஈய வெள்ளையும் நாக வெள்ளையும்

புதிதாகக் கட்டிய வீட்டின் உட்சுவருக்கு எந்த நிறம் பூசலாம் என்று கேட்டால், பெரும்பாலோர் வாயிலிருந்து முதலிலே வரும் விடை வெள்ளை என்பதே. வெள்ளை ஒன்றுதானே, அதிலே ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று எண்ணுதல் இயல்பு. ஆனால், இரண்டு வெள்ளைப் பூச்சுக்களை ஒரே சுவரிலே அடுத்தடுத்துப் பூசிப் பார்த்தவர் அவ்வாறு சொல்லமாட்டார். தனியே நின்றபோது தூய வெண்மையாகத் தோன்றிய ஒன்று, மற்றதன் பக்கத்திலே பாலாடை போலச் சிறிது மஞ்சள் கலந்து காணப்படும். மற்றதோ நிலவொளியைப் போலச் சற்றே நீலம் பாரித்துக் குளிர்ந்து தோன்றும். இவ்விரண்டுள் எதைத் தெரிவது என்பது இன்று கண்ணுக்கு எது இனிமை என்னும் வினா மட்டுமே. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஐரோப்பிய நகரங்களிலே அது உயிரைப் பற்றிய வினாவாக இருந்தது. வீட்டுக்காரர் உயிரைப் பற்றியதன்று. வீட்டுக்கு வர்ணம் பூச வந்த கூலியாளர் உயிரைப் பற்றியது.

அந்த இரண்டு வெள்ளைகளுள் முந்தியது ஈய வெள்ளை; பிந்தியது நாக வெள்ளை. பெயரைப் பற்றி முதலிலே ஒரு சொல் கூறிவிடுதல் நன்று. இங்கே ஈயம் என்பது துப்பாக்கிக் குண்டுக்கும் பழைய நீர்க்குழாய்களுக்கும் பயன்பட்ட பாரமான உலோகம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் அன்று. போகலைச் சுரங்கத்திலே தோண்டியெடுக்கும் காரீயமும் அன்று. நாகம் என்பது துத்தநாகம். கூரைத் தகடுகள் துருப்பிடியாதிருக்க அவற்றின்மேல் முலாமாகப் பூசப்படுவது அது. பாம்பின் பெயர் வாய்த்தது இதற்கு. நஞ்சு வாய்த்ததோ மற்றதற்கு.

ஈய வெள்ளை மிகப் பழமையானது. கி. மு. நான்காம் நூற்றாண்டிலே வாழ்ந்த கிரேக்க அறிஞர் தியோபிரஸ்தஸ், கற்களைப் பற்றித் தாம் எழுதிய நூலிலே அதைச் செய்யும் முறையைக் கூறியிருக்கிறார். உரோமக் கட்டடக் கலைஞர் விதுருவியஸ், உரோடு தீவினர் அதைச் செய்த விதத்தை விளக்குகிறார். சாடியின் அடியிலே சுள்ளிகளைப் பரப்பி, காடியை ஊற்றி, அச்சுள்ளிகளின்மேல் ஈயக் கட்டிகளை வைத்து மூடிவிடுவார்கள். நாள் பல சென்றபின் திறந்து பார்த்தால், கரிய ஈயத்தின்மேல் வெண்மையான மாப் பூத்திருக்கும். அதைச் சுரண்டியெடுத்து அரைத்தால் வெள்ளை நிறம் கிடைக்கும். பெண்கள் முகத்துக்கும் அதைப் பூசினார்கள். ஓவியரும் அதைக் கையாண்டார்கள்.

பிற்காலத்திலே இதைப் பெருந்தொழிலாக வளர்த்தவர் ஒல்லாந்தர். நம் கரையோரங்களிலே கோட்டை கட்டிய அதே ஒல்லாந்தர் தம் நாட்டிலே ஈயத்தைத் தகடாக்கிச் சுருட்டி, காடி ஊற்றிய மண்கலங்களுள் வைத்து, அக்கலங்களைக் குதிரைச் சாணத்திலே புதைத்து, அடுக்கின்மேல் அடுக்காக ஒரு வீடு உயரத்துக்கு எழுப்பினார்கள். சாணம் புளித்துச் சூடேறும். அச்சூட்டினாலே காடி ஆவியாகி ஈயத்தை அரிக்கும். சாணத்திலிருந்து எழும் கரியமிலவாயு அதனோடு சேர்ந்து அதை வெண்ணிறப் பொருளாக மாற்றும். ஏறத்தாழ மூன்று மாதங்கள் கழித்து அடுக்கைப் பிரிப்பார்கள். ஒல்லாந்த முறை என்று பெயர் பெற்ற இது இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் அமெரிக்காவுக்கும் பரவி, இருபதாம் நூற்றாண்டிலும் வழக்கில் இருந்தது. சாணத்துக்குப் பதிலாகத் தோல் பதனிடுவோர் கழித்துவிட்ட மரப்பட்டையைச் சிலர் பயன்படுத்தியதைத் தவிர, முறையிலே பெரிய மாற்றம் ஒன்றும் ஏற்படவில்லை.

இத்துணைக் காலம் ஒரு பொருள் நிலைத்ததற்குக் காரணம் அதன் குணமே. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஈய வெள்ளையை ஆளிவிதை எண்ணெயிலே குழைத்தால், இரண்டும் வெறுமனே கலந்து நிற்பதில்லை. ஓரளவுக்கு இரசாயன முறையிலே ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. ஆகையால் அப்பூச்சுக் காய்ந்தபின் தோல் போல நெகிழ்ந்து கொடுக்கும். மரம் மழையிலே ஊறி வெயிலிலே சுருங்கினாலும் பூச்சு வெடிப்பதில்லை. குறைந்த எண்ணெயிலே குழைவதால் தடிப்பாகப் படிந்து, அடியிலுள்ள கறையை நன்றாக மறைக்கும். விரைவாகவும் காயும். தூரிகையிலே அது நகரும் இதமே வேறு என்று பழைய வர்ணக்காரர் பாராட்டுவதுண்டு. ஐரோப்பாவிலே மரப்பலகை வேய்ந்த கூடங்கள், கதவு நிலைகள், யன்னற் சட்டங்கள், மாடிப்படியின் கைப்பிடிகள் ஆகிய யாவற்றையும் வெண்மையாக்கியது இதுவே. சாம்பல் நிறமோ, முத்து நிறமோ, வைக்கோல் நிறமோ, மென்மையான நிறம் எதுவாயினும் அதற்கு அடிப்படை ஈய வெள்ளைதான். அதிலே சிறிதளவு கருமையோ மஞ்சள் மண்ணோ சேர்த்தால் வேண்டிய சாயல் கிடைக்கும்.

இனி அதன் மறுபக்கத்தைப் பார்ப்போம். ஈயம் நஞ்சு என்பது பிற்காலத்தார் கண்டுபிடித்த செய்தியன்று. கி. மு. இரண்டாம் நூற்றாண்டிலேயே நிக்காந்தர் என்னும் கிரேக்கப் புலவர், நஞ்சுகளுக்கு மாற்று மருந்து கூறும் தம் செய்யுள் நூலிலே, ஈய வெள்ளையை உட்கொண்டவன் படும் துன்பத்தை விவரித்தார். விதுருவியஸ், குடிநீருக்கு ஈயக் குழாயிலும் மண் குழாயே சிறந்தது என்றார். அதற்கு அவர் காட்டிய சான்று, ஈயம் உருக்குவோரின் வெளிறிய முகமே. 1700ஆம் ஆண்டிலே இத்தாலிய வைத்தியர் இராமசினி, தொழிலாளரின் நோய்களைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலிலே ஓவியர்களுக்கும் குயவர்களுக்கும் ஈயத்தால் விளையும் கேட்டை எடுத்துரைத்தார். ஆனால் இவர்கள் கூறியவை கற்றோர் அறிவாகவே நூல்களுள் தங்கிவிட்டன. தூரிகை பிடித்தவனுக்கு அவை எட்டவில்லை. எட்டியிருந்தாலும் அவனுக்கு வேறு வேலை இல்லை.

1839ஆம் ஆண்டிலே பாரிசு நகரத்து வைத்தியர் தாங்கெரல் தெ பிளாஞ்சு என்பவர் இரண்டு பெரிய பாகங்களாக ஒரு நூலை வெளியிட்டார். அந்நகரிலுள்ள சாரித்தே வைத்தியசாலையிலே ஆண்டுக்கணக்காக இருந்து, ஈய நோய் கண்ட ஆயிரத்துக்கு மேற்பட்டோரைப் பார்த்து எழுதிய நூல் அது. அவர்களுள் ஈய வெள்ளை செய்யும் தொழிற்சாலையாரும் வீடுகளுக்கு வர்ணம் பூசுவோருமே முன்னணியிலே நின்றார்கள். முதலிலே மலச்சிக்கலும் தாங்கமுடியாத வயிற்று வலியும் தோன்றும். வர்ணக்காரர் வயிற்றுவலி என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. ஈறுகளின் ஓரத்திலே நீலக் கோடு ஒன்று படியும். பின்னர் முன்கையின் நரம்புகள் சோர்ந்து, மணிக்கட்டு நிமிராமல் தொங்கிவிடும். தூரிகையை உயர்த்தியே பிழைத்தவனுக்கு அக்கையே விழுந்துவிடுகிறது. இறுதியாக மூளையைப் பற்றினால் வலிப்பும் பார்வைக் குறைவும் மரணமும் வரும்.

ஈரமாக இருக்கும் பூச்சினால் வரும் தீங்கு ஒப்பளவிலே சிறிது. உலர்ந்த தூளை எண்ணெயிலே கொட்டிக் குழைக்கும்போது எழும் புழுதியும், பழைய பூச்சை நுரைக்கல்லினாலே உலரத் தேய்க்கும்போது எழும் புழுதியுமே பெரும் பகை. வீட்டுக்குள்ளே வேலை செய்பவனுக்கு இப்புழுதி வெளியேற வழியில்லை. அடைத்த அறையிலே நாள் முழுவதும் தேய்த்துவிட்டு, கழுவாத கையினாலே அவன் உரொட்டியைப் பிய்த்து உண்பான். உட்சுவர் மெருகு பெற்று முட்டையோடு போல வழுவழுப்பாக இருக்கவேண்டுமென்று வீட்டுச் சீமாட்டி விரும்பினால், ஒவ்வொரு பூச்சுக்கும் இடையிலே தேய்க்கவேண்டும். அழகு கூடக் கூட நஞ்சும் கூடியது.

தொழிற்சாலையின் நிலை இதைவிடக் கொடியது. இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியிலே அடுக்குகளைப் பிரித்து வெள்ளையைச் சுமக்கும் வேலைக்குப் பெண்களையே அமர்த்தினார்கள். வேறு கூலி கிடையாத ஏழைகள் அவர்கள். நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1868ஆம் ஆண்டளவிலே அப்பெண்களின் குடிசைகளுக்கும், பின்னர் தொழிற்சாலைக்குமே சென்று, கண்டவற்றைக் கட்டுரைகளாக எழுதினார். அப்பெண்களுக்குக் கருச்சிதைவும் இறந்து பிறக்கும் குழந்தைகளும் வழக்கமாயிருந்தன. 1898ஆம் ஆண்டிலேதான் பிரித்தானியா அத்தொழிலின் ஆபத்தான பகுதிகளிலே பெண்கள் வேலை செய்வதைத் தடுத்தது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளும் அந்தச் சுவர்கள் எல்லாம் வெண்மையாகவே இருந்தன.

இவ்வளவு கேடு விளைவிக்கும் பொருளுக்கு மாற்று இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். இருந்தது. 1780ஆம் ஆண்டுகளிலேயே இருந்தது. பிரான்சிலே தீசோன் நகரத்து இரசாயன அறிஞர் கித்தோன் தெ மோர்வோ, அந்நகரக் கழகத்தின் ஆய்வுகூடத்திலே பணிசெய்த கூர்த்துவா என்பவரின் துணையோடு, நாகத்தை எரித்துக் கிடைக்கும் வெள்ளைத் தூளை வர்ணமாகப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தார். அக்கூர்த்துவாவின் மகனே பிற்காலத்திலே அயடீனைக் கண்டுபிடித்தவர். நாக உலோகத்தை மிகுந்த வெப்பத்திலே காய்ச்சினால் அது கொதித்து ஆவியாகும். அந்த ஆவி காற்றிலே பட்டவுடன் தீப்பற்றி, பஞ்சு போன்ற வெண்புகையாக மாறும். பழைய இரசவாதிகள் இதற்கு ஞானியின் கம்பளி என்று பெயரிட்டிருந்தார்கள். அப்புகையைப் பெரிய அறைகளுள் செலுத்திப் படியவைத்தால் நாக வெள்ளை ஆகும்.

ஆயினும், அறுபது ஆண்டுகள் வரை அது மூலையிலே கிடந்தது. விலை ஈய வெள்ளையினும் பன்மடங்கு அதிகம். எண்ணெயிலே குழைத்தால் உலர நாட்கள் செல்லும். விரைவாக உலர்த்தச் சேர்க்கும் மருந்தோ ஈயத்தினாலேயே செய்யப்பட்டது. நஞ்சை வாயிலால் விலக்கி யன்னலால் அழைப்பது போலாயிற்று இது. இங்கிலாந்திலே வின்சர் நியூட்டன் நிறுவனத்தார் 1834ஆம் ஆண்டிலே சீன வெள்ளை என்னும் பெயரோடு நீர்வர்ண ஓவியருக்கு இதை விற்றார்கள். ஓவியனுக்கு வேண்டியது ஒரு சிறு குப்பி. வீடு முழுவதற்கும் வேண்டியதோ பீப்பாக்கணக்கு.

அதைச் செய்து காட்டியவர் கற்றறிந்த இரசாயன அறிஞர் அல்லர், ஒரு வர்ணக்காரர். எத்மே சான் இலெக்கிளேர் என்பது அவர் பெயர். 1801ஆம் ஆண்டிலே பிரான்சின் இயோன் மாகாணத்துச் சிற்றூர் ஒன்றிலே செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்தார். பத்து வயதளவிலே பள்ளியை விட்டார், மாடு மேய்த்தார், வயலிலே கூலி வேலை செய்தார். பதினேழாவது வயதிலே கையிலே காசின்றிப் பாரிசு சேர்ந்து, வீட்டுக்கு வர்ணம் பூசும் ஒருவரிடம் வேலை பழகினார். இருபத்தாறு வயதளவிலே தாமே தொழில் தொடங்கி, நாளடைவிலே பாரிசிலே பெயர் பெற்ற ஒப்பந்தக்காரர் ஆனார்.

வர்ணம் பூசுவோர் குடியர், நாணயம் அற்றவர், வேலை முடியுமுன் ஓடிவிடுபவர் என்று அக்காலத்து எசமானர்கள் பழித்தார்கள். இலெக்கிளேர் அந்த வாழ்க்கையைத் தாமே வாழ்ந்தவராகையால், அப்பழியின் வேர் எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். வயிற்றுவலி வந்து படுத்தவனுக்குக் கூலி இல்லை. எழுந்து வந்தாலும் கை தூக்கமுடியாது. 1838ஆம் ஆண்டிலே தம் தொழிலாளருக்கு ஒரு சகாய நிதிச் சங்கத்தை அமைத்தார். 1842ஆம் ஆண்டிலே இன்னும் ஒரு படி மேலே சென்று, ஆண்டு இலாபத்திலே தொழிலாளருக்கும் பங்கு உண்டு என்று அறிவித்தார். தொழிலாளர் நம்பவில்லை. கூலியைக் குறைக்கும் சூழ்ச்சி இது என்று தொழிலாளர் பத்திரிகை ஒன்றே எழுதிற்று. பொலிசாரும் நம்பவில்லை, தொழிலாளரைக் கூட்டி இதைப் பேச அவர் கேட்ட அனுமதியை மறுத்துவிட்டார்கள். 1843ஆம் ஆண்டு தொடக்கத்திலே அவர் தம் ஆட்களை அழைத்து, பொன் நாணயங்கள் நிறைந்த பையை மேசைமேற் கொட்டி, அவரவர் பங்கை எண்ணிக் கொடுத்தார். அதன்பின் ஐயம் தீர்ந்தது. ஆங்கிலப் பொருளியல் அறிஞர் சான் ஸ்டூவர்ட் மில் 1848ஆம் ஆண்டிலே வெளியிட்ட தம் பெருநூலிலே இவர் செயலை எடுத்துக்காட்டினார். அதனாலே இலாபப் பங்கீட்டின் தந்தை என்று உலகம் இவரை அறிந்தது.

அவர் நாக வெள்ளைக்குச் செய்த தொண்டு அப்புகழின் நிழலிலே மறைந்துபோயிற்று என்பது என் எண்ணம். அதுவே இரண்டினுள்ளும் பெரியது. இரசாயனம் பயின்றவர்களின் உதவியோடு 1840ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியிலே அவர் முயன்று, நாக வெள்ளையைப் பெருந்தொகையாகச் செய்யும் வழியைக் கண்டார். ஈயமின்றி உலர்த்துவதற்கு, மங்கனீசு ஒட்சைட்டோடு எண்ணெயைக் காய்ச்சிப் பயன்படுத்தினார். மஞ்சளும் பச்சையுமான நிறங்களுக்குக்கூட ஈயம் இல்லாத வகைகளைத் தேடினார். தம் ஆட்கள் பூசும் வீடுகளிலே ஈய வெள்ளையை அறவே விலக்கினார். வைத்தியசாலைக்கு ஆண்டுதோறும் சென்றுகொண்டிருந்த தொழிலாளர் செல்லாதுவிட்டார்கள். 1849ஆம் ஆண்டிலே பிரெஞ்சு அரசின் பொதுவேலைப் பகுதி, அரசாங்கக் கட்டடங்களிலே நாக வெள்ளையைக் கையாளுமாறு அறிவித்தல் விடுத்தது. பெல்சியத்திலே நாகச் சுரங்கங்களை உடைய வியேய் மொந்தாஞ்சு நிறுவனம் அதன் உற்பத்தியை மேற்கொள்ள, விலை இறங்கிற்று.

இனி, சுவரிலே இரண்டும் எவ்வாறு நடந்துகொண்டன என்பதைப் பார்க்கவேண்டும். வீட்டுக்காரர் வாங்குவது அறத்தை அன்று; நிறத்தையே அவர் வாங்குகிறார்.

ஈய வெள்ளை எண்ணெயோடு சேர்ந்து, வெளிச்சம் குறைந்த அறையிலே நாளடைவில் மஞ்சளாகும். இம்மஞ்சளை மறைக்க வர்ணக்காரர் ஒரு துளி நீலமோ கருமையோ சேர்ப்பார்கள். நம் ஊர்களிலே சுண்ணாம்பு அடிக்கும்போது, சலவைக்கு இடும் நீலத்தைச் சிறிது கரைத்துச் சேர்த்ததை அறிந்தவர்களுக்கு இந்த உபாயம் புதிதன்று. மஞ்சளும் நீலமும் கண்ணிலே ஒன்றையொன்று கழித்துவிட, சுவர் வெளேரென்று தோன்றும். நாக வெள்ளைக்கோ இந்த உபாயம் வேண்டியதில்லை. அது இயல்பாகவே குளிர்ந்த வெண்மை. வெப்ப நாட்டாராகிய நமக்கு அக்குளிர்ச்சி இனிக்கலாம். மாரிகாலம் ஆறு மாதம் நீடிக்கும் வட ஐரோப்பாவிலே, ஈய வெள்ளையின் பாலாடைச் சாயலே கூடத்துக்குக் கதகதப்பைத் தந்தது என்று விரும்பினோர் பலர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு நகரங்களிலே ஈய வெள்ளைக்குப் புதிய பகை ஒன்று தோன்றிற்று. வீடுகளிலே நிலக்கரி எரிந்தது. விளக்குகள் நிலக்கரி வாயுவினாலே எரிந்தன. கழிநீர்க் கால்வாய்கள் தெருவின்கீழ் ஓடின. இவற்றிலிருந்து கசியும் ஐதரசன் சல்பைட்டு என்னும் கூழ்முட்டை நாற்றமுடைய வாயு ஈயத்தோடு சேர்ந்தால், கரிய ஈயச் சல்பைட்டு உண்டாகும். வெள்ளைச் சுவர் பழுப்பாகிக் கருகும். நாகமும் அவ்வாயுவோடு சேரத்தான் செய்கிறது. ஆனால் நாகச் சல்பைட்டும் வெள்ளையே. ஆகையால் வாயு விளக்கு எரிந்த நடன மண்டபங்களிலும் உணவுச்சாலைகளிலும் நாக வெள்ளை பல ஆண்டுகள் மங்காமல் நின்றது. தொழிலாளர் நலத்துக்காக மாறாத பலர், தம் சுவர் கறுக்காதிருப்பதற்காக மாறினார்கள்.

நாக வெள்ளைக்கும் குறை உண்டு. ஈயம் இரண்டு பூச்சிலே மறைப்பதை மறைக்க அதற்குப் பெரும்பாலும் மூன்றாவது பூச்சு வேண்டும். அது கடினமாகக் காய்வதாலே, காலப்போக்கிலே நொறுங்கி வெடிக்கும். வெயிலிலும் மழையிலும் நிற்கும் வெளிச்சுவருக்கும் மரவேலைக்கும் ஈயமே உறுதியானது என்ற பேச்சிலே உண்மை இருந்தது. வீட்டின் உட்புறத்திலோ இக்குறை பெரிதன்று. அங்கே மழையுமில்லை, பனியுமில்லை. உட்சுவருக்கு நாக வெள்ளை போதும் என்பது 1850ஆம் ஆண்டளவிலேயே தெளிவாகிவிட்டது. அதன்பின்னும் உலகத்துப் பெரும்பாலான வீடுகள் ஈயத்தினாலேயே பூசப்பட்டன. காரணம் பழக்கமும் விலையும் ஈயத் தொழிலின் செல்வாக்கும் ஆகும். ஒரு பூச்சு மிச்சமானால் ஒப்பந்தக்காரருக்கு ஒரு நாட் கூலி மிச்சம் அல்லவா?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பிரெஞ்சு வர்ணத் தொழிலாளரின் சங்கங்களே இதை அரசியல் வினாவாக்கின. 1909ஆம் ஆண்டு யூலை மாதத்திலே, கட்டடங்களின் உள்ளும் புறமும் ஈய வெள்ளையைத் தடைசெய்யும் சட்டம் பிரான்சிலே நிறைவேறிற்று. அது நடைமுறைக்கு வரக் குறித்த நாள் 1915ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி. அந்நாள் வந்தபோது, தூரிகை பிடித்த கைகளுட் பல போர்முனையிலே துப்பாக்கி பிடித்துக்கொண்டிருந்தன.

போர் முடிந்தபின், 1921ஆம் ஆண்டிலே ஜெனீவாவிலே கூடிய சர்வதேசத் தொழில் மாநாட்டின் மூன்றாவது கூட்டத்திலே இவ்வினா உலகத்தின் முன் வைக்கப்பட்டது. தொழிலாளர் பிரதிநிதிகள் முழுத் தடை வேண்டினார்கள். உற்பத்தியாளர் தரப்பினர் எதிர்த்தார்கள். முடிவிலே ஏற்பட்ட உடன்பாடு நம் பொருளுக்கு மிக நெருங்கியது. கட்டடங்களின் உட்புறப் பூச்சிலே ஈய வெள்ளை கூடாது. வெளிப்புறத்துக்குக் கட்டுப்பாடுகளோடு பயன்படுத்தலாம். நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேற்படாத ஈயம் இருந்தால் தடையில்லை. பெண்களையும் பதினெட்டு வயதுக்குட்பட்ட இளைஞரையும் அவ்வேலையிலே ஈடுபடுத்தலாகாது. தடையை நடைமுறைப்படுத்த ஆறு ஆண்டு அவகாசம் அளிக்கப்பட்டது. பிரித்தானியா இவ்வுடன்படிக்கையை ஏற்கவில்லை. 1926ஆம் ஆண்டிலே தனிச் சட்டம் இயற்றி, உலரத் தேய்ப்பதைத் தடுத்தது. ஐக்கிய அமெரிக்கா அப்பொழுது அத்தாபனத்திலே அங்கத்துவம் பெற்றிருக்கவில்லை. அங்கே ஒல்லாந்தச் சிறுவன் உருவம் பொறித்த ஈய வெள்ளை, குழந்தைகளுக்கென அச்சிட்ட படப் புத்தகங்களின் துணையோடு விற்பனையாயிற்று.

குழந்தைகளைக் குறிப்பிட்டதாலே, அவுஸ்திரேலியாவுக்கு ஒருகால் சென்று வரவேண்டியிருக்கிறது. குயீன்ஸ்லாந்து மாகாணத்துத் தலைநகராகிய பிரிஸ்பேனிலே வீடுகள் மரத்தாலானவை. எங்கள் வீடுகளைப் போலவே விறாந்தை உடையவை. வெயிலும் நம் நாட்டு வெயிலை ஒத்ததே. 1890ஆம் ஆண்டுகளிலே அங்குள்ள வைத்தியசாலைக்கு, கைகால் சோர்ந்த குழந்தைகளும் பார்வை குன்றிய குழந்தைகளும் வந்தார்கள். தொழிற்சாலைப் பக்கமே செல்லாத அக்குழந்தைகளுக்கு ஈய நோய் எவ்வாறு வந்தது? கண் வைத்தியர் லொக்காட் கிப்சன் 1904ஆம் ஆண்டிலே விடை கூறினார்: விறாந்தைக் கம்பிகளிலும் அறைச் சுவர்களிலும் பூசிய பூச்சே காரணம். கடும் வெயிலிலே ஈயப் பூச்சு மாவாக உதிர்கிறது. விளையாடும் குழந்தையின் ஈரமான விரலிலே அது ஒட்டுகிறது. விரல் வாய்க்குச் செல்கிறது. வெயிலையும் மழையையும் தாங்கும் என்று ஈயத்துக்குக் கொடுத்த நற்சாட்சி அங்கே செல்லவில்லை. சக வைத்தியர்கள் பலர் கிப்சன் கூற்றை நம்ப மறுத்தார்கள். 1922ஆம் ஆண்டிலே குயீன்ஸ்லாந்து அரசு, குழந்தைகளின் கைக்கு எட்டும் இடங்களிலே ஈயப் பூச்சைக் கட்டுப்படுத்திச் சட்டம் செய்தது. அதுவரை தொழிலாளியின் நோயாக இருந்தது வீட்டுக்காரரின் நோயும் என்று தெரிந்தது. ஐக்கிய அமெரிக்கா வீட்டுப் பூச்சிலே ஈயத்தைத் தடைசெய்தது 1978ஆம் ஆண்டிலே.

இவ்விரு வெள்ளைகளின் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே மூன்றாவது ஒன்று வந்து சபையைக் கைப்பற்றிற்று. தைத்தேனியம் என்னும் உலோகத்தை 1791ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் கோண்வால் பகுதியிலே ஒரு நீரோடையின் கரிய மணலிலிருந்து கண்டவர் வில்லியம் கிரெகோர் என்னும் பாதிரியார். அதன் ஒட்சைட்டு மிக வெண்மையானது, நஞ்சற்றது, ஒளியை வளைக்கும் ஆற்றலிலே ஈயத்தையும் நாகத்தையும் விஞ்சியது. ஆகையால் மறைக்கும் வலிமையும் அதற்கே அதிகம். முதலாம் உலகப் போர்க் காலத்திலே நோர்வேயிலும் அமெரிக்காவிலும் அதை வர்ணமாகச் செய்யத் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீட்டுப் பூச்சுக்களிலே அது தலைமை பெற்றது. இன்று நாம் தந்த நிறம் என்றும் முத்து நிறம் என்றும் பெயர் சொல்லித் தெரியும் பூச்சுக்களின் அடிப்படை இதுவே. பழைய ஈய வெள்ளையின் மஞ்சட் சாயலை, இப்பொழுது மஞ்சள் மண் நிறத்தைச் சிறிது கலந்து போலியாகச் செய்துகொள்கிறோம்.

இந்த வெள்ளைக்கு மூலப்பொருளான இல்மனைற்று என்னும் கரிய மணல் நமக்கு அயலானது அன்று. திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரையிலே அலை ஒதுக்கும் மணல் அதுவே. 1957ஆம் ஆண்டிலே அதற்கென அரசாங்கக் கூட்டுத்தாபனம் ஒன்று நிறுவப்பட்டது. கன்னியாகுமரிப் பகுதியிலே மணவாளக்குறிச்சிக் கரையிலும் அம்மணல் உண்டு. நம் கரையின் மணல் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறிச் சென்று, பிற நாடுகளிலே வெள்ளைத் தூளாக மாறுகிறது.

ஈய வெள்ளை வழக்கொழிந்தபோதிலும் ஈயம் வர்ணத்தை விட்டு முற்றாக நீங்கவில்லை. மஞ்சளும் செம்மையுமான சில நிறங்களிலும், உலர்த்தும் மருந்துகளிலும் அது பின்னும் தங்கிற்று. 2013ஆம் ஆண்டு தொடக்கம் இலங்கையிலே விற்கப்படும் பூச்சுக்களில் ஈயத்தின் அளவுக்குச் சட்டம் எல்லை வகுத்திருக்கிறது. ஆனால் சட்டம் புதிய வாளிக்குத்தான் பொருந்தும். பாட்டன் காலத்து வீட்டின் கதவு நிலைகளிலும் யன்னற் சட்டங்களிலும் பூச்சின்மேற் பூச்சாக ஏறியிருக்கும் படைகளின் அடியிலே பழைய வெள்ளை இன்னும் இருத்தல் கூடும். அவற்றைப் புதுப்பிக்க விரும்புவோர் உலரத் தேய்க்காது, நீரினால் நன்றாக நனைத்துத் தேய்த்து, உதிர்ந்ததை ஈரத்துணியினால் துடைத்தெடுத்து, வேலை முடியும்வரை குழந்தைகளை அவ்வறைக்குள் விடாதிருத்தல் வேண்டும்.